பின்சீட்டுக்கு டீவி வெச்ச வாகனம் வேணுமா? மலைநாட்டு ரோட்டுல ஓடுறவங்களுக்கு ஒரு கணக்கு

ரீகண்டிஷன் வேன் பாக்கப் போனா விக்கிறவங்க நெறைய பேரு ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாங்க. பொனட்ட தொறக்குறதுக்கு முந்தியே கூரையில இருக்குற பட்டன அமுத்துவாங்க, மொனிட்டர் மெதுவா மடிஞ்சு கீழ எறங்கும், பாட்டு ஒண்ணு ஓட ஆரம்பிக்கும், பின்னுக்கு ஏறி உக்காந்த புள்ளைங்க "ஐ டீவி"ன்னு கத்துவாங்க, அதோட அப்பாக்காரரு பேரம் பேசுற தைரியம் பாதி போயிடும். 2020 மார்ச்சுல நிப்பாட்டுன வாகன இறக்குமதிய 2025 பெப்ரவரில திரும்ப தொறந்து விட்டதுக்கப்புறம் புதுசு பழசுன்னு எல்லாருமே வாகனம் பாத்துக்கிட்டு இருக்காங்க, வெல எங்கயோ நிக்குது, பாதிப்பேரு லீசிங்லதான் எடுக்குறோம், அதுனால டீவிக்குன்னு குடுக்குற காசுக்கும் சேத்துதான் வட்டி கட்டப் போறோம்ங்கிறத மறந்துடக் கூடாது.

என் கணக்கு ஒண்ணே ஒண்ணுதான். உங்க புள்ளைங்க நேர் ரோட்டுல வருசத்துக்கு எத்தன மணித்தியாலம் உக்காந்திருக்காங்க? மொத்தப் பயண நேரத்த எடுக்காதீங்க, நேர் ரோட்ட மட்டும் எடுங்க.

ஏன்னா நம்ம ரோடு அப்படி. நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர் உயரம், அங்க இருந்து லபுக்கலை, றம்பொடை, புசல்லாவன்னு கம்பளைக்கு எறங்குறப்ப ஆயிரம் மீட்டருக்கு மேல எறங்குறோம், அதுவும் வளைஞ்சு வளைஞ்சு. அட்டன்ல இருந்து கொழும்புக்குப் போனா கினிகத்தேனை தாண்டி கித்துல்கலைக்கு எறங்குற வரைக்கும் இதே கததான். பண்டாரவளை, அப்புத்தளை ஆளுங்களுக்கு பெரகலை எறக்கத்தப் பத்தி நான் சொல்லித் தெரியணும்னு இல்ல. இந்த வளைவுல படம் பாத்தா என்ன நடக்கும்னா, காதுக்குள்ள பேலன்ஸ் பாக்குற பகுதி "திரும்புறோம், சாயுறோம், பிரேக் புடிக்கிறோம்"னு மூளைக்கு சொல்லிக்கிட்டே இருக்கும், கண்ணு ஆடாம அசையாம ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு "நாம சும்மாதான் உக்காந்திருக்கோம்"னு சொல்லும், ரெண்டும் ஒத்துப் போகாம மூளை கொழம்பி கடைசில வாந்தி. ரெண்டு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும்தான் இது ரொம்ப மோசமா இருக்கும், அதாவது நீங்க யாருக்காக டீவி வாங்கணும்னு நெனைக்கிறீங்களோ அதே வயசு. மடியில போன வெச்சு குனிஞ்சு பாக்குறதுதான் ரொம்ப கெடுதல், கண்ணு மட்டத்துல இருக்குற ஸ்கிரீன் கொஞ்சம் பரவால்ல, ஏன்னா ஓரக்கண்ணுல ரோடு தெரியும். ஆனா றம்பொடை வளைவுல எந்த ஸ்கிரீனும் உதவாது. அந்த இடத்துல முன் கண்ணாடி வழியா தூரத்த பாக்கச் சொல்லி, ஷட்டர கொஞ்சம் எறக்கி, இஞ்சி பிஸ்கட் ஒண்ணு குடுத்து, பாட்டோ கதையோ காதால கேக்க வெக்கிறதுதான் வழி. சித்தாலேப டப்பாவும் பொலித்தீன் பையும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்.

இப்ப ஒரு பேப்பர எடுத்து போன வருசம் குடும்பத்தோட போன பயணத்த எல்லாம் எழுதுங்க. நல்லூர் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனீங்களா, அது நல்ல கணக்கு, தம்புள்ள தாண்டினா ஏ9 பெரும்பாலும் நேரா கெடக்கும், நாலஞ்சு மணித்தியாலம் புள்ளைங்க நிம்மதியா படம் பாக்கலாம். கதிர்காமம் போறப்ப வெல்லவாய வரைக்கும் எறக்கம், அதுக்கப்புறம்தான் சமதரை. கட்டுநாயக்கவுக்கு ஆள் ஏத்தப் போறது, தெற்கு அதிவேகப் பாதையில மாத்தறைக்குப் போறது இதெல்லாம் சேத்துக்கலாம். தோட்டத்துல இருந்து டவுனுக்கு, டவுன்ல இருந்து டியூஷனுக்கு, தலவாக்கலையில இருக்குற மாமா வீட்டுக்குன்னு ஓடுறத எல்லாம் வெட்டி விட்டுருங்க. மிச்சம் நிக்கிறது வருசத்துக்கு ரெண்டு மூணு பயணம்னா பொருத்துன டீவிக்கு காசு குடுக்க வேணாம், மாசாமாசம் ஓட்டம் இருந்தா மட்டும் மேல படிங்க.

ஜப்பான்ல இருந்து பொருத்தியே வர்றத பாப்போம். வோக்சி, நோவா, ஃப்ரீட் மாதிரி வண்டில கூரை மொனிட்டர் வரும், ஆல்பார்டுல 14 இன்ச் வரைக்கும் இருக்கு (அத வாங்குறவங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவப்படாது). பொருள் நல்ல பொருள்தான், சந்தேகமே இல்ல. பிரச்சின என்னன்னா அது ஜப்பான்காரங்களுக்குன்னு செஞ்சது. மெனு பூரா ஜப்பான் எழுத்து. அதுல வர்ற டீவி டியூனர்ல நம்ம சேனல் வரும்னு நம்பி காசு குடுக்காதீங்க. டிவிடிய எந்த நாட்டு செட்டுல ஓட விடுறதுன்னு பகுதி பகுதியா (ரீஜன்) பிரிச்சு வெச்சிருக்காங்க, ஜப்பான் ரீஜன் 2, நம்ம பக்கம் ரீஜன் 5, அதுனால இந்தியாவுல இருந்து வர்ற ஒரிஜினல் டிஸ்க் பல நேரம் ஓடாது, ரீஜன் இல்லாத கொப்பி டிஸ்க்தான் ஓடும், அதுலயும் நம்ம பக்கத்து PAL வீடியோ முறையில அடிச்சது சில செட்டுல வராது. எஃப்எம் அவங்க ஊர்ல 76ல ஆரம்பிச்சு 95க்குள்ள முடிஞ்சிடும், நமக்கு 108 வரைக்கும் போகுது, பேண்ட் எக்ஸ்பாண்டர்னு ஒரு சின்ன பொட்டி போட்டாத்தான் மிச்ச சேனல் கேக்கும். இதுக்கெல்லாம் மேல, டொயோட்டா செட்டு சிலதுல பெட்டரி வயர ஒருக்கா கழட்டி மாட்டுனா பூட்டு விழுந்து கோட் கேக்கும், இல்லாட்டி மேப் எஸ்டி கார்ட் எங்கன்னு கேக்கும், அத தொறந்து குடுக்குறதுக்குன்னே ஆள் இருக்காங்க, காசு வாங்கிக்கிட்டுத்தான் செய்வாங்க. முன்னுக்கு செட்டு பூட்டிக்கிட்டா பின்னுக்கு மொனிட்டர் வெறும் கண்ணாடிதான்.

அதுனால பாக்கப் போறப்ப உங்க வீட்டுப் படம் ஒண்ண பென்டிரைவ்லயும் போன்லயும் போட்டு எடுத்துட்டுப் போங்க, அவங்க போட்டுக் காட்டுறத நம்பாதீங்க. யூஎஸ்பி எடுக்குதா, எச்டிஎம்ஐ இருக்கா, இல்ல அந்தப் பழைய மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர்தானா? வண்டிய ஓட்டிப் பாக்குறப்ப மொனிட்டர் எறங்கியே இருக்கட்டும், குண்டு குழியில கீல் ஆடுதா, படம் வெட்டுதான்னு பின்னுக்கு ஒருத்தர் பாக்கணும். அதே நேரம் நீங்க உள் கண்ணாடில பின்னாடி வர்ற வாகனம் தெரியுதான்னு பாருங்க. பல வண்டில கூரை மொனிட்டர் அந்தப் பார்வைய பாதிக்கு மறைக்கும், நம்ம ரோட்டுல பின்னாடி பஸ் முட்டுற மாதிரி வர்றப்பதான் அதோட அருமை தெரியும்.

சத்தம் இன்னொரு விசயம். வளைவுல எதுத்து வர்ற பஸ்ஸு ஹோர்ன் அடிச்சுக்கிட்டுத்தான் திரும்பும், மிஸ்ட் இறங்குன நேரத்துல கண்ணுக்கு முந்தி காதுதான் வேல செய்யும். பின்னுக்கு சண்டைப் படம் ஸ்பீக்கர்ல அலறிக்கிட்டு இருந்தா அந்த ஹோர்ன் எங்க கேக்குறது? எந்த டீவி வெச்சாலும் ஹெட்செட் இல்லாம வெக்காதீங்க, சின்னப் புள்ளைங்களுக்கு 85 டெசிபலுக்கு மேல போகாத மாதிரி செஞ்ச ஹெட்செட் கெடைக்குது, அதயே எடுங்க.

கடையில பொருத்துறதா இருந்தா வயரிங் பாஸ் யாருங்கிறதுதான் எல்லாமே. நல்ல பாஸ் ஃபியூஸ் பொட்டியில இருந்து தனி ஃபியூஸ் போட்டு லைன் எடுப்பாரு, அவசரக்காரரு கெடச்ச வயர சீவி சுத்தி டேப் ஒட்டிட்டுப் போயிடுவாரு, நம்ம ஊரு ஈரத்துல அந்த டேப் எத்தன நாளைக்கு நிக்கும்? கூரைத் துணிய வெட்டணும்னா முதல்ல கேட்டன் எயார்பேக் இருக்கான்னு கேளுங்க. கதவுக்கு மேல கூரை ஓரமா அது மடிஞ்சு கெடக்கும், தூணுக்குள்ள வயர் இழுக்குறப்ப அத தொட்டா வெளையாட்டில்ல. ஹெட்ரெஸ்ட்டையே மாத்தி டீவியோட வர்ற ஹெட்ரெஸ்ட் போடுறதுல எனக்கு பெருசா நம்பிக்க இல்ல, மலிவானதுல முன்சீட்ல இருக்குறவரோட கழுத்துக்கும் ஒழுங்கான தாங்கல் இல்ல, திடீர் பிரேக்குல பின்னுக்கு இருக்குற புள்ளையோட மூஞ்சி போய் மோதுறது அந்த கெட்டிக் கண்ணாடிலதான். பெல்ட் போட்டு உக்கார வெச்சாத்தான் எந்த ஸ்கிரீனும்.

ஹைபிரிட் வெச்சிருக்கவங்க இதயும் கேளுங்க. அக்வா, எக்ஸியோ மாதிரி வண்டில பெரிய பெட்டரி இருந்தாலும் டீவி செட்டு எல்லாம் ஓடுறது சின்ன 12 வோல்ட் பெட்டரில. அம்மா மார்க்கெட்டுக்குள்ள போயிட்டு வர்ற வரைக்கும் புள்ளைங்க படம் பாக்கட்டும்னு ரெடி (வண்டி ஓடத் தயாரா நிக்கிற நிலை) போடாம வெறும் ஏசிசில (ரேடியோ, டீவி மாதிரி சாமானுக்கு மட்டும் கரண்ட் போற நிலை) விட்டுட்டு நின்னா அந்த சின்ன பெட்டரி எறங்கிடும், எறங்கிட்டா வண்டி ரெடிக்கே வராது, தள்ளியும் ஸ்டார்ட் பண்ண முடியாது.

இதெல்லாம் படிச்சிட்டு "அப்ப என்னதான் செய்யிறது"ன்னு கேட்டா, பெரும்பாலான வீட்டுக்கு ரெண்டு டெப் (டேப்லெட்), ஹெட்ரெஸ்ட் கம்பியில இறுக்கமா பூட்டுற ரெண்டு ஹோல்டர், ஹெட்செட், ஒரு நல்ல கார் சார்ஜர் போதும். வண்டிய வித்தாலும் டெப் வீட்டுலயே இருக்கும், ஒன்லைன் வகுப்புக்கு உதவும், கெட்டா அது மட்டும்தான் கெட்டுச்சு, கூரைய கழட்டத் தேவயில்ல. படத்த வீட்டு வைஃபைல முந்தின நாளே டவுன்லோட் பண்ணி வெச்சிருங்க, ஏன்னா வழியில டேட்டாவுல பாத்தா நெட்ஃபிளிக்ஸ் எச்டில ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரைக்கும் குடிக்கும், சாதா குவாலிட்டில 1 ஜிபிக்குக் கிட்ட, அதுவும் மலைக்கு அந்தப் பக்கம் திரும்புனா சிக்னல் போய் வட்டம் சுத்திக்கிட்டு நிக்கும், அப்ப வர்ற சண்டைய எந்த டீவியாலயும் தீக்க முடியாது. ரெண்டு புள்ளைக்கு ரெண்டு ஸ்கிரீன் இருந்தா யாரு படம் ஓடுறதுங்கிற வழக்கும் இல்ல, இது கூரை மொனிட்டர்ல நடக்காது. ஒண்ணு மட்டும் கவனம், கொழும்புலயோ யாழ்ப்பாணத்துலயோ வெயில்ல நிப்பாட்டுறப்ப டெப்ப வண்டிக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க, சூட்டுல பெட்டரி வீங்கிடும். ஓடுறப்ப அத கையில குடுக்கவும் வேணாம், ஹோல்டர்லயே இருக்கட்டும், பிரேக் புடிச்சா கல்லு மாதிரி பறந்து வரும்.

பொருத்துன டீவி யாருக்கு சரின்னா, ஹயர் ஓடுற கேடிஎச், கெரவன் மாதிரி பெரிய வேன்காரங்களுக்கு சரி. கோயில் பயணம், கல்யாண வீடுன்னு பத்துப் பன்னெண்டு பேர் ஏறுறப்ப ஆளுக்கொரு டெப் குடுக்க முடியாது, ட்ரிப் கேக்குறவங்களே "டீவி இருக்கா"ன்னு கேட்டுத்தான் பேசுவாங்க, அங்க அது சம்பாதிச்சுக் குடுக்குற சாமான். மூணு நாலு புள்ளைங்களோட மாசாமாசம் வடக்குக்கோ கிழக்குக்கோ போற குடும்பத்துக்கும் சரி. டெப்ப புடிச்சு தட்டத் தெரியாத அப்பாயி ஆத்தாவுக்கும் கூரையில பெருசா ஒண்ணு ஓடுறதுதான் வசதி.

விக்கிறப்ப டீவிக்கு போட்ட காசு திரும்பும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. விளம்பரத்துல "ஃபுல் ஒப்ஷன், டீவி, ரிவர்ஸ் கெமரா"ன்னு ஒரு வரி கூடும், அவ்வளவுதான். வாங்க வர்றவரு பாக்குறது வருசம், ஓடின கிலோமீட்டர், எக்ஸிடன்ட் பட்டதா இல்லையாங்கிறதத்தான்.

புடிச்ச வண்டியிலேயே டீவி ஏற்கனவே இருந்துச்சுன்னா சந்தோசமா எடுங்க, ஆனா அதுக்குன்னு தனியா வெல பேசாதீங்க, "இது இல்லாட்டியும் எனக்கு ஒண்ணுதான் அண்ணே"ன்னு சொல்லிட்டு டயரையும் கியரையும் பாக்க ஆரம்பிங்க. டீவி வேல செய்யலன்னு தெரிஞ்சா அதயே சொல்லி வெலைய கொறைங்க. வாங்கினதுக்கப்புறம் அத ரிப்பேர் பண்றதுக்கு அலைய வேணாம், பாஸ்கிட்ட சொல்லி அந்த லைனோட ஃபியூஸ மட்டும் புடுங்கி விடுங்க, வண்டி நாள்கணக்குல நிக்கிறப்ப சும்மா கெடக்குற செட்டு பெட்டரிய உறிஞ்சாம இருக்கும்.