‘யாம்’ என்ற பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள்: அமெரிக்க அடுப்பில் சர்க்கரைவள்ளி வறுவல்

வட கரோலினாவுக்குப் புதிதாக வந்திறங்கி, ராலே, கேரி பக்கம் குடியேறுகிறவர்களுக்கு ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள என்ன செய்வது என்ற கவலை முதல் வாரமே வந்துவிடும். கடையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு குவிந்து கிடக்கும். அமெரிக்காவிலேயே இது அதிகம் விளைவது இந்த மாநிலத்தில்தான். 1995ல் மாநிலக் காய்கறி என்றே அறிவித்துவிட்டார்கள். வருஷம் முழுக்கக் கிடைக்கும், விலையும் குறைவு. ஊரில் செய்கிற மாதிரியே நறுக்கி வாணலியில் போடுவார்கள். பத்தாவது நிமிஷம் வறுவல் இருக்காது, மிளகாய்த்தூள் போட்ட அல்வாதான் இருக்கும். விருந்துக்கு ஆள் அழைத்த நாளில் இப்படி ஆகி, கடைசி நேரத்தில் அப்பளம் பொரித்துச் சமாளித்த வீடுகள் இங்கே நிறைய.

சட்டதிட்டங்களை முதலில் முடித்துவிடுவோம். பச்சைக் கிழங்கும் பச்சைக் கறிவேப்பிலையும் பெட்டியில் வரக்கூடாது, இரண்டுக்கும் அனுமதி இல்லை. மற்ற தின்பண்டம், பொடி எதுவானாலும் விமான நிலையத்தில் வாய் திறந்து சொல்லிவிடுங்கள், மறைத்தால் அபராதம். வாடகை வீட்டில் புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றக்கூடாது. அடுப்புக்கு மேலிருக்கும் ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும்.

இனி கிழங்குக்கு வருவோம். நம் ஊரில் ஆங்கிலத்தில் ‘யாம்’ என்றால் சேனைக்கிழங்கு. அந்த நினைப்பில் சேனை ரோஸ்ட் செய்யலாம் என்று ‘யாம்’ பலகைக்குக் கீழே இருப்பதை அள்ளிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது சேனையும் இல்லை, காவள்ளியும் இல்லை. ஆரஞ்சுச் சதை உள்ள சர்க்கரைவள்ளி. 1930களில் லூசியானா விவசாயிகள் தங்கள் ஆரஞ்சுக் கிழங்கை மற்றவர்களின் வெளிர்நிறக் கிழங்கிலிருந்து தனித்துக் காட்ட ‘யாம்’ என்று பெயர் வைத்து விற்றார்கள். அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘யாம்’ என்று அச்சிட்டால் கூடவே ‘ஸ்வீட் பொட்டேட்டோ’ என்றும் அச்சிட வேண்டும் என்பது விதி. கடைக்காரர் கையால் எழுதிவைக்கும் பலகையில் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. நிஜமான சேனை வேண்டுமென்றால் இந்தியக் கடையில் ‘சூரன்’ என்று கேளுங்கள், ஐஸ் பெட்டியில் நறுக்கியதே இருக்கும்.

தோலை வைத்தும் முடிவு செய்ய முடியாது. நம் ஊரில் சிவப்புத் தோல் என்றால் உள்ளே பெரும்பாலும் வெள்ளை. இங்கே ‘கார்னெட்’ ரகத்துக்கும் சிவந்த தோல்தான், உள்ளே நல்ல ஆரஞ்சு. அதனால் கிழங்கின் முனையைப் பாருங்கள். வேர் ஒடிந்த இடத்தில் சதை லேசாகத் தெரியும். மஞ்சளோ ஆரஞ்சோ அடித்தால் அது இளகும் ரகம். பாலாடை நிறமாக இருந்தால் நம் கிழங்கின் உறவு. இந்த இரண்டாவது வகை ‘ஜாப்பனீஸ் ஸ்வீட் பொட்டேட்டோ’ என்ற பெயரில் கிடைக்கும். கொரியக் கடையில் ‘கொகுமா’ என்பார்கள். விலை கூடுதல்தான். ஆனால் திருவாதிரைக்கு ஏழுகறிக் கூட்டு வைக்கவும், பொங்கலன்று வேகவைத்துப் படைக்கவும் இதைத்தான் வாங்க வேண்டும். மூடியைத் திறந்ததும் வீட்டு வாசனை வருவது இதில்தான்.

ஆரஞ்சு ரகங்களான போரிகார்டு, கோவிங்டன் ஆகியவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். வெள்ளைச் சதையில் மாவு அதிகம். சூடு 60, 70 டிகிரி செல்சியஸைக் கடக்கும்போது கிழங்கிலேயே இருக்கும் நொதி மாவைச் சர்க்கரையாக மாற்றும். மூடிவைத்து மெல்லச் சூடேற்றினால் இந்த வேலை நின்று நிதானமாக நடக்கும். உள்ளே குழைந்துவிடும், வெளியே சர்க்கரை கருகிவிடும். குக்கரில் ஒரு விசில் விட்டு அப்புறம் வறுக்கலாம் என்ற நம் குறுக்குவழி ஆரஞ்சுக் கிழங்கிடம் பலிக்கவே பலிக்காது.

இதற்கு மருந்து நம் அடுக்களையிலேயே இருக்கிறது: புளி. புளி விட்டால் காய் வேகாது என்பதால்தானே சாம்பாரில் காய் வெந்த பிறகு கரைத்து ஊற்றுகிறோம்? காயின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் சீக்கிரம் கரையாது. சாம்பாரில் இடைஞ்சலாக இருக்கும் அதே குணம் இங்கே துண்டுகளைக் கட்டிக் காக்கும்.

அளவு இப்படி. நடுத்தரக் கிழங்கு இரண்டு, அதாவது ஒரு பவுண்டுக்குச் சற்று மேல், 500 கிராம். தோல் சீவி 2 சென்டிமீட்டர் சதுரமாக, எல்லாம் ஒரே அளவாக நறுக்குங்கள். நெல்லிக்காய் அளவு புளியை 3 கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அரை ஸ்பூன் மஞ்சள்தூள், ஒன்றரை ஸ்பூன் உப்பு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். துண்டுகளைப் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து 4 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். கத்தி முனை நுழையவேண்டும், நடுவில் லேசாகத் தடுக்கவேண்டும். வடித்து, பருத்தித் துணியில் பரப்பி 10 நிமிஷம் ஆறவிடுங்கள். ஆவி அடங்கி மேல்பக்கம் மங்கலாக, பொரபொரவென்று தெரியும். அப்போது ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவைத் தூவிக் குலுக்குங்கள். ஈரத்தோடு வாணலியில் போட்டால் கிழங்கு அவியும், வறுபடாது.

ஊரிலிருந்து கொண்டுவந்த குழிவான வாணலி கண்ணாடி மேல்தட்டு அடுப்பில் நடுவில் மட்டும்தான் தொடும். தட்டையான அடி உள்ள 12 அங்குல இரும்புச் சட்டி நல்லது. கண்ணாடி மேல் அதை இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள். இன்னொன்று: கேஸ் அடுப்பைக் குறைத்த நொடியில் சூடு குறையும், மின்சார அடுப்பில் திருகைக் குறைத்தாலும் சூடு இறங்க நேரமாகும். கருகப்போகிறது என்று தெரிந்தால் திருகைத் தேடாமல் சட்டியை நகர்த்துங்கள்.

சூட்டை நடுநிலைக்குக் கொஞ்சம் மேலே வைத்து, 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய். கடுகு, ஒரு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து அரித்து எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள்; கிழங்கோடு விட்டால் பருப்பு கறுத்துவிடும். துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். 4 நிமிஷம் கரண்டியே படக்கூடாது. அடியில் பொன்னிறத் தோல் பிடித்தால் தானாகவே சட்டியை விடும். விடவில்லை என்றால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். தோசைத் திருப்பியால் அடியோடு வாரித் திருப்பி, மறுபக்கம் 3 நிமிஷம், பிறகு இன்னொரு 2, 3 நிமிஷம். மூடி போடவே கூடாது. மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூனும் பெருங்காயமும் கடைசி ஒரு நிமிஷத்தில்தான். சர்க்கரையும் மிளகாயும் சேர்ந்து கருகினால் அந்தக் கசப்பை எதைக்கொண்டும் மறைக்க முடியாது. அமெரிக்கக் கடையில் ‘சில்லி பவுடர்’ என்று புட்டியில் விற்பது பெரும்பாலும் சீரகமும் ஓரிகானோவும் பூண்டும் கலந்த மசாலா. இந்தியக் கடைத்தூளே வாங்குங்கள். எடுத்துவைத்த தாளிப்பைச் சேர்த்து இறக்குங்கள்.

வெள்ளைச் சதைக்கு இவ்வளவு பாடு இல்லை. 1 சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கித் தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் சாம்பல் பூத்துவிடும். வடித்துத் துடைத்து எண்ணெயில் பரப்பி, 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து 6 நிமிஷம் மூடுங்கள். பிறகு திறந்து, உப்பும் காரமும் சேர்த்து, இருபுறமும் மொறுமொறுப்பாகும்வரை வறுங்கள்.

இரண்டு வகையையுமே ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வாங்கிவந்த காயையெல்லாம் உள்ளே தள்ளும் பழக்கம் நமக்கு ஊர் வெயிலால் வந்தது. இந்தக் கிழங்குக்கு 13 முதல் 15 டிகிரி உகந்தது. 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் நடுவில் கல்லாக இறுகி, எவ்வளவு வேகவைத்தாலும் அந்தப் பகுதி வேகாது. ஜனவரியில் குளிர்ந்து கிடக்கும் கராஜும் அப்படியே. காகிதப் பையில், அலமாரியில், வெளிச்சம் படாமல் வையுங்கள். இரண்டு வாரம் தாங்கும்.

விருந்துக்கு அளவை இரட்டித்தால் சட்டியையும் இரண்டு தடவை ஏற்றுங்கள். முதல் ஈடைத் தட்டில் பரப்பி, 200 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் ஓவனுக்குள் மூடாமல் வைத்தால் மொறுமொறுப்பு குறையாது.