கண் டெஸ்டுக்கு முன்னால் வீட்டில் ஒரு ஜோடி விளையாட்டு

எழுத்து தெரியாத 3 வயதுக் குழந்தைக்குப் பார்வையை அளக்க ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் என்று நாலே படங்கள் கொண்ட லியா அட்டை இருக்கிறது. பின்லாந்துக் கண் மருத்துவர் லியா ஹுவாரினென் 1976-ல் உருவாக்கியது. இதில் குழந்தை வாய் திறந்து பெயர் சொல்லவே வேண்டாம், மடியில் இருக்கும் அட்டையில் அதே படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

அதனால் நாலைந்து நாள் முன்பே அந்த நாலு படத்தையும் காகிதத்தில் வரைந்து ஜோடி சேர்க்கும் விளையாட்டு ஆடுங்கள். ஆப்பிளை இதயம் என்று சொன்னாலும் சரி, திருத்தாதீர்கள்.

அப்புறம் ஒரு கண்ணை மூடுவது. கையால் மூடினால் விரலிடுக்கில் எட்டிப் பார்த்துவிடும், அளவே தப்பாகிவிடும். ஒட்டும் பட்டைதான் நல்லது, முதலில் பொம்மைக்கு ஒட்டிக் காட்டுங்கள். இடது கண்ணை மூடும்போது சும்மா இருந்துவிட்டு வலது கண்ணை மூடினால் மட்டும் அழுது பிடுங்குகிறதா? அடம் என்று விட்டுவிடாதீர்கள், இடது கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம், டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

படங்களை ஒவ்வொன்றாகத் தனியே காட்டினால் சோம்பேறிக் கண் (சிறு வயதில் சரியாகப் பார்க்கப் பழகாமல் பார்வை குறைந்துபோன கண்) உள்ள குழந்தைகூட நன்றாகச் சொல்லிவிடும், வரிசையாகவோ சுற்றிலும் கோடு போட்டோ காட்டும்போதுதான் குறை தெரியும். எப்படிக் காட்டுகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

தூங்கி எழுந்து சாப்பிட்ட நேரமாகப் பார்த்து அழைத்துப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விடையை மட்டும் கிசுகிசுக்காதீர்கள்.