‘செகண்ட் டூர்’ சுற்றுலா அல்ல: ரிசர்வ் படை நாடகங்களைத் தமிழில் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஈராக் போரை வைத்து எடுத்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத்துக்குத் தமிழில் வசன வரி எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள். சார்ஜென்ட் ஒருவர் ‘செகண்ட் டூர்’ என்கிறார். ‘இது எனக்கு இரண்டாவது சுற்றுலா’ என்று எழுதினால் முடிந்தது கதை. ‘டூர்’ என்பது இங்கே போர்முனையில் ஒரு தவணைப் பணி. ‘பிரைவேட்’ என்பது அடிமட்டச் சிப்பாயின் பதவி, தனியார் இல்லை. ‘கம்பெனி’ ஒரு படைப்பிரிவு, நிறுவனம் இல்லை. ‘மேகசின்’ தோட்டா அடுக்கும் பெட்டி, பத்திரிகை இல்லை. இவையெல்லாம் அகராதிச் சறுக்கல்கள். யாராவது சிரித்துக் காட்டிக்கொடுத்தால் அன்றே திருத்திவிடலாம். யாரும் சிரிக்காமல் கடந்துபோகிற தவறுகள்தான் நாடகத்தையே வேறொன்றாக ஆக்கிவிடுகின்றன. விமர்சனம் எழுதுபவர்களும் அதே குழியில்தான் விழுகிறார்கள்.

பெரிய குழி ‘துணை ராணுவம்’ என்ற சொல். நமக்குத் துணை ராணுவம் என்றால் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். அவர்கள் சம்பளம் வாங்கி முழுநேரமும் சீருடையில் இருப்பவர்கள். சி.ஆர்.பி.எஃப். பெயரிலேயே ‘ரிசர்வ்’ இருக்கிறது. ஏ.ஆர். போலீஸின் ‘ஆர்’கூட அதுதான். அதனால் குழப்பம் இயல்பு. ஆனால் அமெரிக்க ரிசர்விஸ்ட் வேறு ஆள். வாரம் முழுக்க லாரி ஓட்டுவார், பள்ளியில் பாடம் எடுப்பார், பல் பிடுங்குவார். மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரண்டு வாரமும் மட்டும் பயிற்சிக்குப் போவார். ஆணை வந்தால் கடையைப் பூட்டிவிட்டுப் போருக்குப் போயாக வேண்டும். நம் நாட்டில் இதற்கு நெருக்கமான அமைப்பு டெரிடோரியல் ஆர்மி. 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கிவைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்த விளக்கமே வேண்டாம். ரிசர்வ் என்றதும் அவர்களுக்கு அலுவலகத்தில் சொல்லிவிட்டு முகாமுக்குக் கிளம்புவது நினைவுக்கு வந்துவிடும். ‘ரிசர்வ் படையினர்’ அல்லது ‘சேமப்படை’ என்றே எழுதலாம். துணை ராணுவம் மட்டும் வேண்டாம்.

அடுத்தது ‘நேஷனல் கார்டு’. இதைத் ‘தேசியப் பாதுகாப்புப் படை’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் கருப்புப் பூனைகள் வந்து நிற்பார்கள். நேஷனல் கார்டு மாநிலத்துக்குரிய பகுதிநேரப் படை. வெள்ளம் வந்தால் அழைப்பவர் மாநில ஆளுநர். அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் ஊர் முதல்வருக்குச் சமமானவர். கூட்டாட்சி ஆணை வந்தால் அதே ஆட்கள் கடல் கடந்து போவார்கள். ‘ஆர்மி ரிசர்வ்’ இன்னொன்று. அது நேரடியாக மத்தியப் படை, ஆளுநருக்கு அங்கே வேலை இல்லை. பாத்திரம் எந்தப் படை என்று முதல் காட்சியிலேயே தோள்பட்டைச் சின்னத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘பின்வரிசையில் தண்ணீர் சுத்தம் செய்பவர்களுக்கு என்ன ஆபத்து?’ என்று கேட்பது விமர்சனங்களில் அடிக்கடி வரும் தவறு. நாடகத்தில் சண்டையே இல்லையே, இழுவையாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்வார்கள். பென்சில்வேனியாவில் கிரீன்ஸ்பர்க் என்றொரு சிற்றூர். அங்கிருந்த 14ஆவது குவார்ட்டர்மாஸ்டர் (தளவாட வழங்கல்) ரிசர்வ் பிரிவின் வேலை தண்ணீர் சுத்திகரிப்பு. மொத்தம் 69 பேர். 1991 வளைகுடாப் போருக்காகச் சவூதியின் தஹ்ரானில் போய் இறங்கினார்கள். (ஈரானின் டெஹ்ரான் இல்லை. இதையும் மாற்றி எழுதுவோர் உண்டு.) போய்ச் சேர்ந்த ஆறாவது நாள், பிப்ரவரி 25 இரவு, கிடங்கைத் தங்குமிடமாக மாற்றியிருந்த கட்டடத்தின்மேல் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. இறந்த 28 பேரில் 13 பேர் இந்தப் பிரிவினர். இதே பிரிவில் இன்னும் 43 பேருக்குக் காயம். தடுத்திருக்க வேண்டிய பேட்ரியாட் கருவி நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதில் அதன் கடிகாரக் கணக்கு மூன்றில் ஒரு நொடி பிசகியிருந்தது. ரேடார் தவறான இடத்தில் தேடியது. திருத்திய மென்பொருள் வந்து சேர்ந்தது மறுநாள்.

இந்த ஒரு சம்பவத்தில் ரிசர்வ் நாடகத்தின் முழு இலக்கணமும் இருக்கிறது. முழுநேர ராணுவத்தில் ஒரு பிளட்டூனில் (சிறு படைக்குழுவில்) பத்து மாநிலத்து ஆட்கள் இருப்பார்கள். துக்கம் பத்து ஊருக்குப் பிரிந்து போகும். ரிசர்வில் ஒரே வட்டாரத்து ஆட்கள்தான் ஒரே பிரிவில் இருப்பார்கள். அடி விழுந்தால் ஒரே இடத்தில் விழும். 2005 ஆகஸ்ட் முதல் மூன்று நாட்களில் ஈராக்கின் ஹதீதா அருகே ஒஹையோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே மரீன் ரிசர்வ் பட்டாலியன் ஏறத்தாழ 20 பேரை இழந்தது. எனவே இந்த நாடகங்களில் தேவாலயம், மளிகைக் கடை, பள்ளி மைதானம் என்று வரும் காட்சிகளை ‘குடும்ப சென்டிமென்ட்’ என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவது அவசரம். போர்க்களத்தின் மறுபாதி அங்கேதான் இருக்கிறது.

காலக் கணக்கிலும் கவனம் வேண்டும். 2004இல் அழைக்கப்பட்டவருக்குப் பயிற்சி தனி, ஈராக்கில் ஓராண்டு தனி. வீட்டைவிட்டு ஒன்றரை ஆண்டு விலகியிருப்பது சாதாரணம். 2007 ஜனவரியில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் (நம் ஊர்ப் பாதுகாப்பு அமைச்சருக்குச் சமமானவர்) ராபர்ட் கேட்ஸ், பயிற்சியும் சேர்த்து ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மேல் கூடாது என்று மாற்றினார். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று பாராமல் ‘என்ன இவ்வளவு நாளா!’ என்று லாஜிக் ஓட்டை கண்டுபிடிக்காதீர்கள்.

வேலை விஷயம் சொந்தமாகத் திரைக்கதை எழுதுவோருக்கு. ‘போருக்குப் போனதால் முதலாளி வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்’ என்பது எளிய கண்ணீர். 1994இல் வந்த சட்டம் அதைத் தடுக்கிறது. திரும்பி வருபவருக்கு வேலையைக் கொடுத்தாக வேண்டும். மீறும் முதலாளி இருக்கலாம், ஆனால் அப்போது அது கோர்ட்டுக்குப் போகும் விவகாரம், பொதுவிதி அல்ல. சொந்தமாகத் தொழில் செய்பவரின் பாடு வேறு. பல் மருத்துவர் ஓராண்டு இல்லையென்றால் நோயாளிகள் வேறு மருத்துவரிடம் போய்விடுவார்கள். எந்தச் சட்டமும் அவர்களைத் திருப்பி அழைத்துவராது. எனக்குக் கேட்டால் கதை அங்கே இருக்கிறது.

பகுதிநேரம் என்பதால் அரைகுறை என்று நினைப்பதும் தவறு. 2005 மார்ச்சில் ஈராக்கின் சல்மான் பாக் அருகே வாகன வரிசை தாக்கப்பட்டபோது எதிர்த்துப் போரிட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சில்வர் ஸ்டார் என்ற வீரப் பதக்கம் பெற்ற முதல் பெண் ஆனவர் லீ ஆன் ஹெஸ்டர். கென்டக்கி நேஷனல் கார்டைச் சேர்ந்தவர். ஊரில் செருப்புக் கடை மேலாளர்.

தளவாடப் பற்றாக்குறைக் காட்சியை மிகை என்று சொல்லாதீர்கள். 2004 டிசம்பரில் குவைத் முகாமில் டென்னசி நேஷனல் கார்டு வீரர் ஒருவர், வண்டிக்குக் கவசம் போடக் குப்பைமேட்டில் இரும்புத் தகடு பொறுக்க வேண்டியிருக்கிறதே என்று அப்போதைய பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்டின் முகத்துக்கு நேரே கேட்டார். கூடியிருந்த வீரர்கள் ஆரவாரம் செய்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு ரிசர்வ் எரிபொருள் பிரிவினர், வண்டிகள் பாதுகாப்பில்லை என்று சொல்லி வாகன வரிசையில் போக மறுத்தார்கள். இப்படி ஒரு காட்சி வந்தால் ‘கோழைகள்’, ‘புரட்சியாளர்கள்’ என்ற இரண்டு முத்திரையுமே பொருந்தாது. மாதம் ஒரு தடவை பார்த்துப் பழகிய ஊர்க்காரரே அதிகாரியாக நிற்கும்போது ‘முடியாது’ என்று சொல்வதில் இருக்கும் சங்கடத்தைக் கவனியுங்கள்.

ஈராக்கியக் கைதிகளை அமெரிக்க வீரர்கள் வதைத்துப் புகைப்படமும் எடுத்த அபு கிரைப் சிறைக் கொடுமையை நாடகம் தொட்டால், ‘பாவம், பயிற்சியில்லாத ரிசர்வ் ஆட்கள்’ என்று சாக்குச் சொல்லும் வசனம் எப்படியும் வரும். அதை விமர்சனத்தில் நீங்களும் வழிமொழிய வேண்டாம். தண்டிக்கப்பட்டவர்களில் பலர் மேரிலாந்தின் 372ஆவது ராணுவ போலீஸ் கம்பெனி. புகைப்படங்களை விசாரணையாளர்களிடம் ஒப்படைத்த ஜோசப் டார்பியும் அதே கம்பெனிதான். இரு தரப்புக்கும் பயிற்சி ஒன்றே.

ஈராக்கியர் பேசுமிடத்தில் ‘அரபியில் கத்துகிறார்’ என்று அடைப்புக்குறி போட்டு ஒதுங்குவது சோம்பல். பெரும்பாலும் அவர் ‘என் மகன் உள்ளே இருக்கிறான்’ என்றோ ‘சுடாதே’ என்றோதான் சொல்லிக்கொண்டிருப்பார். அரபு தெரிந்தவரிடம் கேட்டு எழுதுங்கள்.

கடைசிக் காட்சி. முழுநேர வீரர் திரும்பினால் முகாமுக்குத்தான் போவார், அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதே போரைப் பார்த்தவர்கள். ரிசர்விஸ்ட் நேராக வீட்டுக்குப் போவார். நீண்ட பணி முடித்தவர் பழைய வேலையைக் கேட்டு 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை கல்லாவில் உட்காருவார். வாடிக்கையாளர் ‘கொஞ்ச நாளாக ஆளைக் காணோமே’ என்பார். பிறகு குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் நாட்காட்டியைப் பார்த்து மனைவி கேட்பார்: ‘இந்த வாரக் கடைசியில் டிரில் இருக்கிறதா?’ டிரில் என்பது அந்த மாதாந்திரப் பயிற்சி. அங்கே ‘துளை போடும் வேலை இருக்கிறதா’ என்று எழுதித் தொலைக்காதீர்கள்.