பக்கியின் மூக்கைத் தூக்க கிட் வாங்க வேண்டாம், முதலில் அடியில் பாருங்கள்

உங்கள் பக்கியின், அதாவது பிக்கப் டிரக்கின், முன்பக்கம் தாழ்ந்து நின்றால், ஸ்பேசர் கிட்டுக்குப் பணம் கட்டுமுன் அடியில் குனிந்து பாருங்கள். பழைய இசுசு கேபி பிக்கப் மாதிரி முன்னால் காயில் ஸ்பிரிங் இல்லாமல் நீளவாக்கில் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) இருந்தால், அதன் கடைசியில் உள்ள அட்ஜஸ்டர் போல்ட்டை இறுக்கினாலே வண்டி உயரும். பிறகு செய்யும் வீல் அலைன்மென்ட் கூலி மட்டும்தான் செலவு.

அந்தக் கம்பிதான் ஸ்பிரிங். போல்ட்டை இறுக்கும்போது கம்பியின் கடினம் மாறுவதில்லை, அது நிற்கும் கோணம்தான் மாறுகிறது. முதலில் போல்ட்டின் பழைய இடத்தைப் பெயின்டால் குறியுங்கள். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்கும்போது திருப்பினால் மரை கெடாது. இரண்டு பக்கமும் சமமாக ஒரு சுற்று. அப்புறம் இறக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, சக்கர ஹப் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று உங்களை ஏமாற்றிவிடும்!

25 முதல் 30 மில்லிமீட்டர் உயர்வோடு நிறுத்துங்கள். பேராசைப்பட்டால் சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்ம் ரப்பர் ஸ்டாப்பில் இடிக்கும், 4x4 என்றால் சிவி ஜாயின்ட் பூட் (முன் அச்சு மூட்டின் ரப்பர் உறை) கிழியும். ஹெட்லைட் ஒளியையும் கீழே இறக்கிவிடுங்கள், எதிரே வருபவர் திட்டாமல் இருக்க.

காயில் ஸ்பிரிங் வண்டிக்கு இது பலிக்காது. தினமும் பின்னால் சிமென்ட், மணல் ஏற்றுபவர்களும் தொட வேண்டாம். பின்பக்கம் உயர்ந்திருப்பதே அந்தச் சுமைக்காகத்தான்.