பீரங்கிப் படகின் பணிக்காலத்தைத் தேடுவது எப்படி: ‘த்ரஷ்’ வழியே

இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்ததிலிருந்து, ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம். முன்னோரை அப்படித் தேடிப் பழகியவர்கள் போர்க்கப்பலிடம் வந்ததும் தடுமாறுவார்கள். அதற்கு அப்படி ஒற்றை எண் கிடையாது. கேப்டனும் மாலுமிகளும் ஏறி, ஒரு கடற்பகுதியில் வேலை பார்த்து, திரும்பிக் கலையும் வரை உள்ள காலமே அளவு. அதைப் பணிச்சுற்று என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கப்பலை உறுதி செய்யுங்கள். பிரிட்டிஷ் கடற்படை ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைக்கும். அதனால் வெள்ளோட்ட ஆண்டு, கட்டிய ஊர், எடை மூன்றையும் குறித்துவையுங்கள். நாம் எடுத்துக்காட்டாக எடுக்கும் பிரிட்டிஷ் பீரங்கிப் படகு ‘த்ரஷ்’: 1889, ஸ்காட்லாந்தின் கிரீனாக், 805 டன், ஆறு 4 அங்குலப் பீரங்கிகள், ரெட்பிரெஸ்ட் வகை. அதே ஊரில் அதே ஆண்டில் இறங்கியது ‘ஸ்பாரோ’. 1896 ஆகஸ்ட் 27-ல் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் அரண்மனையை பிரிட்டிஷ் கடற்படை சுட்டபோது இரண்டும் அங்கே இருந்தன; இதற்குரியதை அதற்கு எழுதிவிடுவது சுலபம். ‘ஸ்பாரோ’ பின்னர் நியூசிலாந்துக்குப் போய் ‘அமோகுரா’ என்ற பயிற்சிக் கப்பலானது. பழைய பெயரிலேயே தேடிக்கொண்டிருந்தால் அதன் பிற்காலம் அகப்படாது.

அடுத்து நேவி லிஸ்ட், அதாவது கடற்படையின் கப்பல்களையும் அதிகாரிகளையும் பட்டியலிடும் அதிகாரபூர்வ வெளியீடு. அதில் எந்தக் காலத்தில் எந்தக் கடற்பகுதி, யார் தலைமை என்று பாருங்கள். ‘த்ரஷ்’ ஆப்பிரிக்கக் கப்பல் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1890-ல், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் ஜார்ஜ் தலைமையில் அது போனது வட அமெரிக்கக் கடற்பகுதிக்கு. இந்தப் படியைத் தாண்டினால் தவறான வருடத்து ஏட்டைக் கேட்டு ஒரு நாள் வீணாகும்.

பிறகுதான் லாக் புக், அதாவது கப்பலின் அன்றாடக் குறிப்பேடு. லண்டனை அடுத்த கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏடிஎம் (ADM, கடற்படைத் தலைமையக ஆவணங்களின் குறியீடு) 53 வரிசையில் கப்பல் பெயரைப் போட்டுத் தேடுங்கள். போரைப் பற்றிய பக்கத்துக்கே ஓடாதீர்கள். சான்சிபார் சண்டை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. ஆனால் கப்பல் அங்கே ஏன் இருந்தது என்பது அதற்கு முந்தைய பக்கங்களில்தான் இருக்கும். கைபேசியில் படமெடுக்கத் தடையில்லை. இரு பக்கமும், மேலே உள்ள கட்டத் தலைப்பும் படத்தில் விழட்டும். தலைப்பு வெட்டுப்பட்டால் வீட்டில் வந்து பார்க்கும்போது காற்றின் வேகம் எது, பாரமானி எது என்று பிரிக்க முடியாது.

வானிலைக் கட்டத்தில் ஆங்கில எழுத்துகள் வரும்: பி என்றால் தெளிந்த வானம், ஓ முழு மூட்டம், ஆர் மழை, க்யூ திடீர்க் காற்று. எழுத்துக்கு அருகில் உள்ள 0 முதல் 12 வரையான எண் காற்றின் வலிமை. கரி இருப்பையும் விடாமல் எழுதுங்கள். நங்கூரத்தில் கிடக்கும் நாளிலும் கொஞ்சம் செலவாகும். ஆனால் இருப்பு சட்டென்று சரிந்தால் கொதிகலன்களை மூட்டியிருக்கிறார்கள், புறப்படத் தயாராகியிருக்கிறார்கள்.

ஊர்ப்பெயரில் எச்சரிக்கை தேவை. டர்பன் ‘போர்ட் நேட்டால்’ என்று வரும். கேப் டவுனுக்கு அருகிலுள்ள சைமன்ஸ் டவுன் ‘சைமன்ஸ் பே’. டெலகோவா பே மொசாம்பிக்கில் உள்ள இன்றைய மப்புட்டோ விரிகுடா. டர்பன் வாயிலில் மணல்திட்டு இருந்ததால் 1904-க்கு முன் பெரிய கப்பல்கள் வெளியிலேயே நங்கூரமிட்டன. பீரங்கிப் படகு உள்ளே வந்ததா என்று ஊகிக்க வேண்டாம். நங்கூர வரியில் ஆழம் பாகக் கணக்கில் இருக்கும், ஒரு பாகம் 6 அடி. கூடவே டர்பன் துறைமுக வாயிலிலுள்ள பிளஃப் குன்றின் கலங்கரை விளக்கம் இருக்கும் திசையும் இருந்தால் வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள், இடம் தெரிந்துவிடும்.

மாலுமிகளுக்கு ஏடிஎம் 188. ஆள் ஒருவர் எந்தக் கப்பலில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று வரிசையாக இருக்கும். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின் பதக்கப் பட்டியல்கள் ஏடிஎம் 171-ல். பெயர் இருப்பதால் ஆள் கரையிறங்கிச் சண்டையிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். கப்பலிலேயே இருந்தவர்களுக்கும் பதக்கம் கிடைத்தது, சண்டையைக் குறித்துப் பதக்க நாடாவில் பொருத்தும் பட்டை மட்டும் கிடையாது.

கடைசி ஆண்டுகளுக்குப் போர்க்கப்பல் வரிசையை மட்டும் நம்பாதீர்கள். ‘த்ரஷ்’ 1917 ஏப்ரலில் வடக்கு அயர்லாந்தின் கிளெனார்ம் அருகே உடைந்தபோது, மூழ்கிய கப்பல்களை மீட்கும் வேலையில் இருந்தது.