கட்டுமான கம்பெனிக்கு ஈ.ஆர்.பி. போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஓசூர், சூளகிரி, பர்கூர் என்று ஒரே நேரத்தில் நாலைந்து சைட் ஓட்டும் கான்ட்ராக்டர்கள் இப்போது ஈ.ஆர்.பி. (கொள்முதல், இருப்பு, பில், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் சாஃப்ட்வேர்) பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். வாங்க வேண்டியதுதான். ஆனால் போட்ட பணம் வீணாகப் போவது பெரும்பாலும் சாஃப்ட்வேரால் இல்லை. ஆபீஸை மட்டும் மனதில் வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, லாரி வந்து நிற்கும் சைட் ஸ்டோரை மறந்துவிடுவதால்தான்.

அதிகம் அடிபடுவது அளவில். எம்.சாண்டுக்கு (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) எடைமேடைச் சீட்டு டன்னில் வரும், வியாபாரி யூனிட்டுக்கு விலை சொல்வார், இன்ஜினியர் எஸ்டிமேட்டில் கன மீட்டர் போட்டிருப்பார். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். அது எத்தனை டன் என்பதோ ஈரத்தைப் பொறுத்து மாறும். கம்பியும் அப்படித்தான். பில் கிலோவில் வரும், ஸ்டோரில் எண்ணிக் கொடுப்பது பீஸ் கணக்கில். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளம் என்றால் சுமார் 10.66 கிலோ. இந்த மாற்றுக் கணக்கை முதலிலேயே ஏற்றாமல் விட்டால், சிஸ்டம் ஒரு இருப்பைக் காட்டும், ஸ்டோரில் வேறொன்று இருக்கும், கடைசியில் திருட்டுப் பழி ஸ்டோர் கீப்பர் தலையில் விழும். அது பெரிய அநியாயம். அப்புறம் அவர் எதையும் மனசார என்ட்ரி போடமாட்டார்.

இதோடு சேர்ந்ததுதான் பொருள் பெயர். ஒரே கம்பியை ஒருவர் 'டி.எம்.டி. 12' என்றும் இன்னொருவர் '12 எம்.எம். ராட்' என்றும் பதிந்தால் இருப்பு இரண்டாகப் பிரியும். புதுப் பெயர் சேர்க்கும் உரிமை ஒரே ஆளிடம் இருக்கட்டும்.

அடுத்தது முதலாளிகளுக்கு. பர்ச்சேஸ் ஆர்டர் இல்லாமல் சரக்கு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, கான்கிரீட் அன்று சிமென்ட் குறைகிறது என்றதும் நீங்களே கடைக்கு போன் போட்டு 100 மூட்டை இறக்கச் சொன்னால், அன்றோடு அந்த விதி போச்சு. அவசர ஆர்டருக்கு என்று தனியாக ஒரு சின்ன வழியை சிஸ்டத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள், ஏனென்றால் நம் தொழிலில் அவசரம் வராத வாரமே கிடையாது.

பாதி முடிந்த வேலையை உள்ளே இழுக்காதீர்கள். பழைய அளவு, பிடித்தம் (பில்லில் நிறுத்தி வைக்கும் தொகை), அட்வான்ஸ் எல்லாம் சிக்கலாகிவிடும். புதிதாகத் தொடங்கும் ஒரு சைட்டில் ஆரம்பியுங்கள், கையால் எழுதும் கணக்கு நோட்டை எந்தத் தேதியோடு நிறுத்துவது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். நோட்டும் சிஸ்டமும் சேர்ந்தே ஓடினால் ஜெயிப்பது நோட்டுதான்.

டெமோவில் அவர்கள் காட்டும் கலர் சார்ட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் சைட்டின் ஒரு லோடு ஜல்லி உள்ளே வருவதிலிருந்து, மேஸ்திரிக்கு அளவெடுத்து பில் போட்டு, பிடித்தமும் டி.டி.எஸ். வரியும் கழித்துப் பணம் கொடுப்பது வரை கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். ஸ்டோர் கீப்பரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர் தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ படிக்கிறவர் என்றால் திரை அந்த மொழியில் வருமா என்று கேளுங்கள். அஞ்செட்டி மலைப்பக்கம் வேலை எடுப்பவர்கள், சிக்னல் இல்லாதபோது போட்ட என்ட்ரி போனிலேயே நின்று பிறகு ஏறுமா என்பதையும் சோதித்துவிடுங்கள்.

அக்ரிமென்ட்டில் இரண்டு விஷயம் போதும்: வருடாந்திர பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, விலகினால் நம் டேட்டா முழுவதையும் எக்செலில் எத்தனை நாளில் தருவார்கள். இரண்டும் எழுத்தில் வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.