கடலோர வீட்டு நீச்சல் குளம்: நைந்த பாதுகாப்பு கவரை மாற்றுவது எப்படி

கவர் நைந்துவிட்டது, மாற்றவேண்டும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் துணியைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். புதுச்சேரி காலாப்பட்டிலிருந்து கடலூர் தேவனாம்பட்டினம் வரை கடற்கரையை ஒட்டிய குளங்களில் துணிக்கு முன்னால் கெட்டுப்போவது அதைப் பிடித்திருக்கும் உலோகம்தான். கவரை இழுத்துப் பிடிக்கத் தரையில் பதித்த ஆங்கர் என்ற உலோக முளை, அதில் மாட்டும் கவர்ப் பட்டையின் முனையிலுள்ள ஸ்பிரிங், இரண்டையும் உப்புக்காற்று அரித்துக்கொண்டே இருக்கும். புதுத் துணியை வாங்கி, ஆட்டம் கண்ட பழைய ஆங்கரில் மாட்டினால் பணம் போனது போனதுதான். அதைவிட மோசம், குளம் மூடியிருக்கிறது என்ற நம்பிக்கையில் வீட்டில் எல்லோரும் குழந்தைமீது கண்வைப்பதை விட்டுவிடுவார்கள்.

ஆகவே முதலில் சோதனை. துணியில் வெயில் அதிகம் படும் நடுப்பகுதியை நகத்தால் அழுத்திச் சுரண்டுங்கள். நகக்கண்ணில் மாவு மாதிரி பொடி ஒட்டினால் இழை வெந்துவிட்டது. அடுத்து பட்டையைத் துணியோடு சேர்த்துத் தைத்திருக்கும் நூலை ஒரு கோணி ஊசி முனையால் தூக்கி இழுங்கள். நல்ல நூல் விரலை அறுக்கும், அறுந்து வராது. பட்டென்று அறுந்தால் துணி பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்தக் கவர் முடிந்தது. மேலே வெயிலும் கீழே குளோரின் ஆவியும் சேர்ந்து தாக்குவதால் துணிக்கு முன்பே தையல் போய்விடுவதுண்டு. நடுத்துணியில், பட்டையை விட்டு விலகி, உள்ளங்கை அளவுக்கு ஒரு கிழிசல் என்றால் ஒட்டுப்போட்டு ஓட்டலாம். பட்டை பிரிந்திருந்தாலோ, ஓரத் தையல் விட்டிருந்தாலோ ஒட்டு வேலை வேண்டாம்.

ஸ்பிரிங்கை அழுத்திவிடுங்கள், பழைய நீளத்துக்குத் திரும்பவேண்டும். ஆங்கரைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் பிடிப்பு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் சுற்றியுள்ள காரை விட்டுவிட்டது. அலன் கீ (அறுகோணச் சாவி) போட்டால் ஆங்கரின் உள் திருகு மேலே ஏறி இறங்கவேண்டும். மணலும் உப்பும் இறுகி அசையாமல் நின்றால் டபிள்யூ டி 40 மாதிரி எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து மறுபடி முயன்று பாருங்கள். எத்தனை ஆங்கர் தேறுகிறது என்று எண்ணி எழுதிவைத்துக்கொண்ட பிறகே துணிக்கு ஆர்டர் கொடுக்கவேண்டும். பாதிக்கு மேல் தேறவில்லை என்றால் எல்லாவற்றையும் புதிதாகப் போடுவதே நல்லது. பழையதும் புதியதுமாகக் கலந்தால் இழுவை சமமாக இருக்காது.

கவர் வாங்குவதற்குப் பதில் சிலர் செய்யும் மாற்று ஏற்பாடுகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். துறைமுகப் பக்கம் பழைய மீன்வலை எளிதில் கிடைக்கிறது என்று வாங்கி விரிக்கிறார்கள். வலை தொய்யும், குழந்தையின் எடையில் தண்ணீருக்குள் இறங்கும், கை கால் கண்ணியில் சிக்கும். வலையின் வேலையே அதுதான். நர்சரிக்குப் போடும் பச்சை நிழல்வலைக்கு எடை தாங்கும் பலம் கிடையாது. எல்லாவற்றிலும் ஆபத்தானது தார்ப்பாய். சுற்றிச் செங்கல் வைத்துத் தார்ப்பாய் விரித்த குளத்தில் குழந்தை கால் வைத்தால் பாய் சுருண்டு அதன்மேலேயே மூடிக்கொள்ளும். உள்ளே விழுந்தது வெளியிலிருந்து தெரியவே தெரியாது. இந்த மூன்றுக்கும் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது.

உண்மையான பாதுகாப்பு கவருக்கு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கத் தர விதியான ஏ.எஸ்.டி.எம். எஃப் 1346-இன்படி, எட்டு அடிக்கு மேல் அகலமுள்ள குளத்தின் கவர் 485 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 220 கிலோ எடையைத் தாங்கவேண்டும். இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை என்று கணக்கு. விழுந்த குழந்தையைத் தூக்கப் போகிறவரின் எடையும் அதில் அடங்கும். கவரில் எஃப் 1346 என்ற தர எண் அச்சிட்ட லேபிள் தைத்திருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு, படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கவரில் இரண்டு வகை: நீர் இறங்கும் வலைத்துணி, நீர் இறங்காத மூடுதுணி. நம் பக்கத்துக்கு வலைத்துணிதான் சரி. காரணம் மழை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 18 அடிக்கு 34 அடி மூடுதுணியின் மேல் 40 செ.மீ. மழை நின்றால் அது சுமார் 23,000 லிட்டர், 23 டன். அவ்வளவு மழை வேண்டாம், மூடுதுணியின் நடுவில் கணுக்கால் அளவு தேங்கினாலே கைக்குழந்தை மூழ்கப் போதும். வலைத்துணியில் நீர் நேராகக் குளத்துக்குள் இறங்கிவிடும். அதற்கும் ஒரு விலை உண்டு. சவுக்கு ஊசியும் வேப்பம்பூவும் வலைக்கண் வழியே இறங்கும், வெயிலும் உள்ளே போகும். நம் ஊர்த் தண்ணீர் மார்கழியிலும் பாசி பிடிக்கும் அளவுக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். அதனால் கவர் போட்டாலும் மோட்டாரும் ஃபில்டரும் ஓடியாக வேண்டும். சவுக்குத் தோப்பை ஒட்டிய குளம் என்றால் கண் நெருக்கமான வலையைக் கேளுங்கள்.

அளவெடுப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பழைய கவரைத் தரையில் விரித்து அளந்து அனுப்பாதீர்கள். பல வருடம் இழுபட்டுக் கிடந்த துணி நீண்டிருக்கும், புதியது அதே தொய்வோடு வரும். குளத்தையே அளக்கவேண்டும். அதுவும் ஓரக்கல்லின் வெளி விளிம்பை அளக்கக்கூடாது, தண்ணீர்ப் பக்க விளிம்பை அளக்கவேண்டும். செவ்வகம் என்றால் நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் போதும். மூலைவிட்டங்களுக்குள் இரண்டு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் குளம் கோணல். அப்போதும், வளைவான குளத்துக்கும், இரண்டு புள்ளி முறைதான். குளத்தின் நீளவாட்டுக்கு இணையாக, விளிம்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி, தரையில் இரண்டு புள்ளி குறியுங்கள். அ, ஆ என்று வையுங்கள். 32 அடிக் குளத்துக்கு இரண்டுக்கும் நடுவில் 16 அடி விடலாம். பிறகு குள விளிம்பு முழுக்க மூன்றடிக்கு ஒரு சாக்பீஸ் குறி போட்டு எண் எழுதி, ஒவ்வொரு குறிக்கும் அ-விலிருந்து எவ்வளவு, ஆ-விலிருந்து எவ்வளவு என்று இரண்டு அளவு எடுங்கள். வளைவு கூடுகிற இடத்தில் குறியை ஓரடிக்கு ஒன்றாக நெருக்குங்கள். டேப்பைத் தொய்யவிடாமல் இரண்டு பேர் பிடிக்கவேண்டும். துணி டேப் வேண்டாம், ஸ்டீல் டேப் வையுங்கள். ஏணிக் கைப்பிடி, படிக்கட்டு, அருவிச் சுவர், பாறை எங்கே இருக்கிறது என்பதையும் அதே அ, ஆ அளவில் குறித்து அனுப்பவேண்டும். பழைய ஆங்கர்களில் தேறியதை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால் அவற்றின் இடமும் வேண்டும்.

16 அடிக்கு 32 அடிக் குளம் என்று வைத்துக்கொண்டால், எல்லாப் பக்கமும் ஓரடி மேலே ஏறி உட்கார கவர் 18-க்கு 34 இருக்கவேண்டும். மூன்றடிக்கு ஒரு பட்டை வீதம் நீளப் பக்கத்தில் 11, அகலப் பக்கத்தில் 6. மொத்தம் 34 ஆங்கர், 34 ஸ்பிரிங். கூட நாலு நாலு சேர்த்து வாங்குங்கள். ஸ்பிரிங் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 என்றால் கடற்காற்றில் டீக்கறை மாதிரி துருப்புள்ளி விழும்.

புதியது வந்து இறங்கும்வரை பழையதைக் கழற்றாதீர்கள். துணி தைத்து வரப் பல வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் குளம் திறந்து கிடக்கும், வீட்டார் பார்வை வழக்கம்போல அசட்டையாக இருக்கும். பழையது முற்றிலும் வீணாகிவிட்டது என்றால் நாலடி உயரத்துக்குக் குறையாமல், ஏற வசதியில்லாத தற்காலிக வேலி அடித்து, தானாக மூடிக்கொள்ளும் கதவு வைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

இனி ஆங்கர். துளை போடுமுன் குள லைட்டுக்கான ஒயரும், தண்ணீர் திரும்பி வரும் பைப்பும் தளத்துக்கு அடியில் எந்த வழியாகப் போகிறது என்று கட்டிய கொத்தனாரிடமோ பிளம்பரிடமோ கேட்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். குள லைட்டின் மின்சாரத்தை நிறுத்துங்கள். டிரில் மெஷினை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) உள்ள பாயின்ட்டில் மட்டும் மாட்டுங்கள். ஈரத் தளத்தில் வெறுங்காலோடு நிற்கவேண்டாம்.

கவர் ஓரத்திலிருந்து ஒன்றரை அடி, அதாவது தண்ணீர் விளிம்பிலிருந்து இரண்டரை அடி தள்ளி ஆங்கர் வரும். தயாரிப்பாளர் தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. பித்தளை ஆங்கருக்குப் பொதுவாக முக்கால் அங்குல பிட், இரண்டேகால் அங்குல ஆழம். ஹேமர் டிரில் வேண்டும். டிரில்லை நிமிர்த்தி நேராகப் பிடித்து, தூளை ஊதி வெளியேற்றி, ஆங்கரைத் தளத்தோடு மட்டமாக இறக்குங்கள். துருத்திக்கொண்டு நின்றால் கால் இடறும்.

இங்கேதான் நம் ஊர்த் தளங்களின் பிரச்சினை. மேலே கடப்பாக்கல்லோ கோட்டாக்கல்லோ இருக்கும். அதன் தடிமன் ஓரங்குலம்கூட இராது. கீழே காரை, அதற்கும் கீழே மணல். கல்லில் மட்டும் பிடித்த ஆங்கர், கவர் இழுக்கும்போது கல்லையே பெயர்த்துவிடும். துளையிடும்போது சத்தத்தைக் கவனியுங்கள். கல்லைத் தாண்டியதும் கான்கிரீட் என்றால் அதே கடினமான உறுமல் தொடரும், தூள் சாம்பல் நிறமாக வரும். சட்டென்று மெத்தென்று இறங்கி மஞ்சள் மணல் வந்தால் அங்கே ஆங்கர் நிற்காது. அந்த இடத்தில் கல்லை எடுத்துவிட்டு ஓரடி சதுரம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டி, சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவையில் கான்கிரீட் போட்டு, ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற்றிய பிறகு துளையிடுங்கள். புல்தரை, பேவர் பிளாக் தரை என்றால் 18 அங்குலக் குழாய் ஆங்கர் கேட்டு வாங்கலாம். நம் கடற்கரை மணலில் அதையும் கான்கிரீட்டுக்குள் நிறுத்துவதே உத்தமம். அசையாமல் போன பழைய ஆங்கரைப் பிடுங்கப் போராடிக் கல்லை உடைக்கவேண்டாம். தலையைத் தளமட்டத்துக்கு அரைத்து எபாக்ஸி பூசி மூடிவிட்டு, நாலங்குலம் தள்ளிப் புதியது போடுங்கள்.

எல்லாத் துளைகளையும் முன்கூட்டியே போட்டு வைக்காதீர்கள். துணியை விரித்து, ஓரங்களில் எடை வைத்து, நாலு பக்கமும் ஓரடி ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு ஓர் அகலப் பக்கத்தின் இரண்டு கடைசிப் பட்டைகளுக்கு மட்டும் துளையிட்டு மாட்டுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்தின் இரண்டு. அடுத்து நீளப் பக்கங்களில் அதேபோல் இரண்டிரண்டு. மறுபடி ஓர அளவு பாருங்கள். இந்த எட்டும் சரியாக உட்கார்ந்தால்தான் மீதி, அதுவும் எதிரெதிராக ஒன்றுவிட்டு ஒன்று. பட்டை போகும் நேர்க்கோட்டிலேயே ஆங்கர் இருக்கவேண்டும். கோணலாக இழுத்தால் தையல் ஒரு பக்கமாக அறுபடும்.

ஸ்பிரிங் பாதியளவு அமுங்கியிருக்கவேண்டும். முழுக்க அமுங்கிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் மேலே எடை விழும்போது இன்னும் அமுங்க இடமில்லை, தையல்தான் கொடுக்கும். சற்றும் அமுங்காமல் சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி விரிந்தே கிடந்தால் கவர் தளர்ச்சி. பட்டையின் கொக்கியில் நீளத்தைக் கூட்டிக் குறையுங்கள். ஓரக்கல்லின் கூரான விளிம்பில் துணி உரசும் இடங்களில் உரசல் பட்டை தைத்துக் கேளுங்கள். கிரானைட் விளிம்பு என்றால் அதைச் சற்று மழுங்க அரைத்துவிடுவது இன்னும் நல்லது. கடைசியாக, கவரின் ஓரம் முழுக்கக் கையால் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். கவருக்கும் கல்லுக்கும் நடுவில் எங்காவது நாலங்குலம் திறந்தால் குழந்தையின் தலை நுழையும். அந்த இடத்துக்குக் கூடுதல் பட்டை வேண்டும்.

தண்ணீர் மட்டம் ஓரக்கல்லிலிருந்து ஓரடி முதல் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் எடை விழும்போது கவருக்குக் கீழ்த்தாங்கல் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஒன்றரை அடியிலேயே வையுங்கள், மழைக்கு இடம் வேண்டும். ஃபெஞ்சல் மாதிரி மழைக்கு அந்த இடமும் ஒரே நாளில் நிறைந்துவிடும். நீர் துணியைத் தொட்டுவிட்டால் வெளியேற்றுங்கள்.

இரண்டு வாரம் கழித்து எல்லா ஸ்பிரிங்கையும் மறுபடி பாருங்கள், புதுத்துணி வெயிலில் சற்று தளரும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆங்கர்த் திருகுகளை ஏற்றி இறக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, சிலிக்கான் கிரீஸ் ஒரு சொட்டு வையுங்கள். குளிக்கத் திறக்கும்போது கவரை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பாதி மட்டும் சுருட்டி இறங்குவது கூடவே கூடாது, அடியில் போன பிள்ளை மேலே வரமுடியாது. இரண்டு பேர் சேர்ந்தாலும் மாட்டிக் கழற்ற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், தினமும் குளிக்கிற வீட்டுக்கு இந்தக் கவரோடு வேலியும் வேண்டும்.

கழற்றிய பழைய துணியை மல்லாட்டையோ முந்திரியோ காயவைக்கக் கொடுக்காதீர்கள், பிளாஸ்டிக் துகள் உதிர்ந்து கலக்கும். இன்னொருவர் கிணற்றுக்கோ தொட்டிக்கோ மூடியாகவும் கொடுக்கவேண்டாம். பட்டைகளை வெட்டி, துணியைத் துண்டாக்கிய பிறகு குப்பையில் போடுங்கள். ஸ்பிரிங்கை ஆங்கரில் மாட்டிக் கழற்றும் கம்பியையும் அலன் கீயையும் குளத்தருகே விட்டுவைக்காமல், பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில், கதவுப் பக்கம் ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். குழந்தை உள்ளே விழுந்துவிட்டால் கழற்றவேண்டியவர் அதைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.